ஒரே ரெய்டு 5-இல் மூன்று வகைத் தரவு: பின்னலாடை நிறுவனம் ஒன்றின் சர்வர் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் இயங்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் அது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. கோவையிலிருந்து சர்வர் பராமரிப்பு செய்துதரும் சிறு குழு ஒன்றில் நான் வேலை செய்கிறேன். 2022 ஏப்ரலில் அந்த நிறுவனம் எங்களை அழைத்தது. அன்று தொடங்கி அடுத்த ஆண்டுவரை நடந்ததை, உரிமையாளரின் சம்மதத்துடன், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி இங்கே பதிவு செய்கிறேன்.

2019-இல் வாங்கிய ஒரே சர்வர்தான் அங்கே எல்லா வேலைக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் 4 டெராபைட் டிஸ்க்குகள் எட்டு அதில் இருந்தன. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைதான் ரெய்டு. அதை நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் அட்டை ஒன்று அவற்றை ரெய்டு 5 முறையில் சேர்த்து 28 டெராபைட் கொண்ட ஒற்றைச் சேமிப்பிடமாக, அதாவது வால்யூமாக, காட்டியது. அந்த வால்யூமில்தான் இருப்பு, ஆர்டர், பேக்கிங் கணக்கை எல்லாம் நடத்தும் இஆர்பி மென்பொருளின் தரவுத்தளம் இருந்தது. அளவு சுமார் 300 ஜிகாபைட். பிரிண்டிங், எம்பிராய்டரி, பேட்டர்ன் கோப்புகள் 5 டெராபைட். மீதியில் பெரும்பகுதியை 24 சிசிடிவி கேமராக்களின் பதிவு எடுத்துக்கொண்டது. கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் என்றால், 24-க்கும் சேர்த்து விநாடிக்கு 12 மெகாபைட். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1 டெராபைட். பதினைந்து நாள் பதிவு வேண்டும் என்று வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கைக்காக நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

ரெய்டு 5 தேர்வானதற்குக் காரணம் விலைப்புள்ளியிலேயே தெரிந்தது. எட்டு டிஸ்க்கில் ஒரு டிஸ்க்கின் அளவு மட்டுமே பாதுகாப்புக்குப் போகிறது, ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு பிழைக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். இரண்டும் உண்மைதான். எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டவர்கள், அந்த இடத்தில் என்ன எழுதப்படும், எப்படி எழுதப்படும் என்று கேட்டதற்கான அடையாளம் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

மாலை நேரத் தாமதம்

புகார் பேக்கிங் பிரிவிலிருந்து வந்தது. ஒவ்வோர் அட்டைப்பெட்டியையும் மூடும்போது பார்கோடு ஸ்கேன் செய்வார்கள். ஸ்கேனர் 'பீப்' என்று ஒலித்த உடனே திரையில் பெட்டி எண் ஏறிவிட வேண்டும். காலையில் ஏறியது. மாலை நான்கு மணிக்கு மேல் ஆறு, ஏழு விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறவில்லை என்று நினைத்துப் பணியாளர்கள் இரண்டாம் முறை ஸ்கேன் செய்ய, ஒரே பெட்டி இருமுறை பதிவாகி, பேக்கிங் லிஸ்ட்டில் எண்ணிக்கை இடித்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் நிற்க, மேற்பார்வையாளர் பெட்டிகளைக் கையால் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் முதல் முறை போனபோது பார்த்த காட்சி அது.

இஆர்பி விற்றவர்கள் சர்வரின் நினைவகத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். கூட்டியும் பார்த்திருந்தார்கள், மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கண்டறிந்தவை

பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருந்தது. நினைவகத்திலும் இடம் இருந்தது. டிஸ்க்குகளோ ஏறக்குறைய முழு நேரமும் வேலையில் இருந்தன. ஓர் எழுதும் கோரிக்கை முடிய, சாதாரணமாக 10 முதல் 20 மில்லி விநாடி ஆக வேண்டிய இடத்தில், மாலை வேளையில் நூற்றுக்கணக்கான மில்லி விநாடி ஆனது. இஆர்பியில் ஒரு பெட்டியைப் பதிவு செய்ய ஒரே எழுத்து (டிஸ்க்கில் ஒருமுறை எழுதும் வேலை) போதாது. இருப்பு, ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், பரிவர்த்தனைப் பதிவேடு என்று வரிசையாகப் பல எழுத்துகள். ஒவ்வொன்றும் முந்தையது முடியக் காத்திருக்கும். ஆறு விநாடி அப்படித்தான் சேர்ந்தது.

எழுதும் சுமையில் பெரும்பங்கு சிசிடிவியுடையது. தொடர்ச்சியாக எழுதும் வேலைதானே, அதை டிஸ்க் எளிதாகச் செய்துவிடுமே என்று தோன்றும். ஒரு கேமரா என்றால் அது சரி. இருபத்து நான்கு கேமராக்கள் இருபத்து நான்கு கோப்புகளில் ஒரே நேரத்தில் எழுதும்போது, டிஸ்க்கில் படித்து எழுதும் தலைக்கு அது அங்குமிங்கும் சிதறிய எழுத்தாகவே போய்ச் சேர்கிறது. காலையில் இந்தச் சுமையைத் தாங்கிய டிஸ்க்குகள், மாலையில் பேக்கிங், கணக்குப் பிரிவு, அன்றைய அறிக்கைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது தாங்கவில்லை.

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. கன்ட்ரோலரின் பதிவேட்டைத் திறந்தபோது, அதன் கேஷ் நினைவகத்தைக் காக்கும் பேட்டரி பல மாதங்களுக்கு முன்பே செயலிழந்துவிட்டதாக வரிக்கு வரி எச்சரிக்கை. இத்தகைய லித்தியம் பேட்டரிகளுக்கு ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். பேட்டரி இருக்கும்வரை கன்ட்ரோலர் எழுத வந்ததைக் கேஷில் வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று உடனே பதில் சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் இறக்கும். பேட்டரி போனால் அந்தச் சலுகையை அதுவே நிறுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் பதில் வரும்.

ரெய்டு 5-க்கு இந்தக் கேஷ் எவ்வளவு முக்கியம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஒரு சிறிய துண்டை மாற்றி எழுத வேண்டுமானால், கன்ட்ரோலர் முதலில் அந்த இடத்திலிருந்த பழைய தரவைப் படிக்க வேண்டும். அதற்குரிய பழைய பாரிட்டியை, அதாவது கெட்ட டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் கணக்கீட்டுத் தரவை, படிக்க வேண்டும். புதிய பாரிட்டியைக் கணக்கிட்ட பின் புதிய தரவையும் புதிய பாரிட்டியையும் எழுத வேண்டும். ஓர் எழுத்துக்கு நான்கு டிஸ்க் இயக்கங்கள். ஆனால் ஒரு ஸ்ட்ரைப் (எல்லா டிஸ்க்கிலும் ஒவ்வொரு துண்டாகப் பரவும் வரிசை) முழுவதற்குமான தரவு கையில் சேர்ந்துவிட்டால் பழையதைப் படிக்கும் தேவையே இல்லை. புதிய தரவிலிருந்தே பாரிட்டியைக் கணக்கிட்டு ஒரே மூச்சில் எழுதிவிடலாம். இங்கே ஒரு டிஸ்க்குக்கு 256 கிலோபைட் துண்டு, தரவுக்கு ஏழு டிஸ்க். ஆக ஒரு முழு ஸ்ட்ரைப் 1,792 கிலோபைட். கேமராக்களின் துண்டு துண்டான எழுத்தை அந்த அளவுக்குச் சேர்த்து வைக்கும் இடம் கேஷ்தான். அது இல்லாதபோது ஒவ்வொரு துண்டும் நான்கு மடங்குச் செலவோடு டிஸ்க்கில் விழுந்தது.

முதல் முடிவு: பேட்டரி

பேட்டரி இல்லாமலேயே கேஷைப் பயன்படுத்தும்படி கன்ட்ரோலரைக் கட்டாயப்படுத்த ஓர் அமைப்பு உண்டு. நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளர் அதை இணையத்தில் பார்த்திருந்தார். அன்றே செய்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் உறுதியாக நின்றோம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சர்வரைத் தாங்க வேண்டிய யுபிஎஸ்ஸின் பேட்டரிகளும் பழையவை. அந்த நொடியில் சர்வர் அணைந்தால் கேஷில் இருந்தது போய்விடும். தரவு எழுதப்பட்டு பாரிட்டி எழுதப்படாமல் பாதியில் நின்ற ஸ்ட்ரைப்புகளும் மிஞ்சும். பிந்தையது இன்னும் ஆபத்தானது. அன்றைக்கு எதுவும் வெளியே தெரியாது. பின்னொரு நாள் டிஸ்க் கெட்டு, அந்தப் பாரிட்டியைக் கொண்டு தரவை மீட்கும்போது தவறான தரவு எழும்.

கன்ட்ரோலருக்குப் புதிய பேட்டரியும் யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரிகளும் மே மாதத்தில் மாற்றப்பட்டன. பேக்கிங் பிரிவின் தாமதம் ஆறு விநாடியிலிருந்து ஒன்று, இரண்டு விநாடிக்கு இறங்கியது. மாதக் கடைசியில் மட்டும் மறுபடியும் ஏறியது. நிர்வாகம் பிரச்சினை முடிந்ததென்று எடுத்துக்கொண்டது. எங்கள் அறிக்கையில் முடியவில்லை என்று எழுதினோம்.

எந்த ரெய்டு, எதற்கு

ஜூலையில் அந்த அறிக்கையை விளக்க உட்கார்ந்தோம். உரிமையாளர், கணக்கு மேலாளர், கணினிப் பொறுப்பாளர், நான். கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டோம்.

7,200 சுழற்சி டிஸ்க்கில், தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். தலை நகர எட்டு, ஒன்பது மில்லி விநாடி. இரண்டையும் சேர்த்தால் சிதறிய இயக்கங்கள் விநாடிக்கு 75 அளவில்தான் முடியும். எட்டு டிஸ்க்குக்கு 600. இந்த சர்வரில் சுமார் 60 சதவீதம் எழுத்து, 40 சதவீதம் வாசிப்பு. ரெய்டு 5-இல் எழுத்துக்கு நான்கு இயக்கம் என்பதால், 600 என்பது பயன்பாட்டில் 214 ஆகச் சுருங்குகிறது. ரெய்டு 6-இல் இரண்டு பாரிட்டி, ஓர் எழுத்துக்கு ஆறு இயக்கம், மிஞ்சுவது 150. டிஸ்க்குகளை ஜோடியாக்கி ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் ரெய்டு 10-இல் ஒவ்வோர் எழுத்தும் ஜோடியின் இரண்டு டிஸ்க்குகளில் விழுவதோடு சரி, 375 கிடைக்கும். கேஷ் இந்த எண்களை நல்ல நேரத்தில் மேலே தூக்கும். சுமை இடைவிடாமல் வந்தால் கேஷ் நிரம்பி, மறுபடியும் இந்த எண்களுக்கே வந்து நிற்கும். மாதக் கடைசியில் நடந்தது அதுதான்.

ரெய்டு 10-க்கு மாறினால் 28 டெராபைட் 16 ஆகிவிடும் என்றதும் கணக்கு மேலாளர் நிமிர்ந்தார்.

"எட்டு டிஸ்க்குக்குக் காசு கொடுத்துவிட்டு நான்கு டிஸ்க் இடத்தைத்தான் பயன்படுத்துவதா? இதை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?"

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ரெய்டு 10-க்கு மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து மூன்று வகைத் தரவையும் அதில் அடைத்ததுதான் அடிப்படைக் கோளாறு என்பது எங்கள் கருத்து. தரவுத்தளத்துக்குச் சிறு எழுத்துகள் வேகமாக முடிய வேண்டும். இடம் குறைவாகவே போதும். டிசைன் கோப்புகள் பெரியவை. ஒரு முறை முழுதாக எழுதப்பட்டுப் பல முறை வாசிக்கப்படுபவை. ஒன்று தொலைந்தாலும் ஒரு ஆர்டர் தடுமாறும். சிசிடிவி பதிவு ஓயாமல் எழுதப்பட்டு, பதினைந்து நாளில் தானாக அழிவது. அதில் ஒரு மணி நேரம் போனால் பெரிய நட்டமில்லை. இந்த மூன்றில் மிகக் குறைந்த மதிப்புள்ளது மிக அதிகமான எழுத்தைச் செய்து, மற்ற இரண்டையும் மெதுவாக்கிக்கொண்டிருந்தது.

அடுத்து, பாதுகாப்பு. இதில்தான் எனக்கு உண்மையான கவலை. ரெய்டு நிலைகளை முறைப்படுத்திய பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டுரையை பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்டபோது, அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட சிறிய டிஸ்க்கின் கொள்ளளவு 100 மெகாபைட். இன்றைய 4 டெராபைட் டிஸ்க் அதைப்போல் 40,000 மடங்கு. விநாடிக்குச் செய்யும் சிதறிய இயக்கங்களோ இரண்டு, மூன்று மடங்குதான் கூடியிருக்கின்றன. ஆகவே ஒரு டிஸ்க் கெட்ட பின் அதன் இடத்தில் புதியதை நிரப்பும் வேலை (மறுகட்டமைப்பு) அன்று நிமிடக் கணக்கு, இன்று மணிக்கணக்கு அல்லது நாள் கணக்கு. அவ்வளவு நேரமும் ரெய்டு 5-க்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. மீதமுள்ள ஏழு டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை, 28 டெராபைட்டையும், ஒரு பிழையில்லாமல் படித்தாக வேண்டும்.

இந்த வகை டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், படிக்க முடியாத பிழை 10-இன் 15-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்றிருக்கும்; அது 125 டெராபைட்டுக்கு ஒன்று. 28 டெராபைட் படிக்கையில் பிழை வரும் வாய்ப்பு, அந்த உச்ச வரம்பை அப்படியே எடுத்துக்கொண்டால், ஐந்தில் ஒன்று. மலிவான டிஸ்க்குகளில் 10-இன் 14-ஆம் அடுக்குக்கு ஒன்று, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று என்றே குறித்திருப்பார்கள். நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இந்த எண்களை வைத்து ரெய்டு 5 செத்துவிட்டது என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த சர்வரில் டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் அவ்வப்போது படித்துச் சரிபார்க்கும் பேட்ரோல் ரீட் வசதியை, வேகம் குறைகிறது என்று யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். யாரும் தொடாத மூலையில் பிழை இருந்தால் அது மறுகட்டமைப்பின்போதுதான் முதல் முறையாகத் தெரியவரும். அதை அன்றே இயக்கச் சொன்னோம். மாலை வேகம் மறுபடியும் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் அது தள்ளிப்போனது.

ரெய்டு 10-இல் ஒரு டிஸ்க் கெட்டால் அதன் ஜோடியை மட்டும், 4 டெராபைட்டை, படித்தால் போதும். எட்டு டிஸ்க்கில் ஒன்று போனபின் இன்னொன்று போனால், அது குறிப்பாக அந்த ஜோடியாக இருக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று. ரெய்டு 6 எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ஒரு டிஸ்க் போன நிலையிலும் படிக்க முடியாத துண்டை மீட்க இன்னொரு பாரிட்டி கையில் இருக்கும்.

உரிமையாளர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, சொல்வது புரிகிறது. சீசன் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனதும் செய்துகொள்ளலாம்" என்றார். இடையில் தரவுத்தளத்தின் பேக்அப் எங்கே போகிறது என்று கேட்டேன். கணினிப் பொறுப்பாளர் திரையில் காட்டினார். ஒவ்வோர் இரவும் தவறாமல் எடுக்கப்பட்டிருந்தது. அதே எட்டு டிஸ்க் வால்யூமின் வேறொரு கோப்புறையில். அன்றே வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வாரம் ஒரு நகல் எடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

டிஸ்க் விழுந்த இரவு

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை கணினிப் பொறுப்பாளர் அழைத்தார். "அண்ணா, ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. கன்ட்ரோலர் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. புது டிஸ்க் இங்கே கிடைக்கவில்லை."

கோவையில் கடை அடைப்பதற்குள் அதே வகையில் ஒரு டிஸ்க் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். போய்ப் பதிவேட்டைப் பார்த்தபோது, மூன்றாவது டிஸ்க் முந்தைய நாள் பிற்பகலே விழுந்திருந்தது தெரிந்தது. சர்வர் அறை பூட்டியிருந்ததாலும், உள்ளே ஏசி சத்தம் இருந்ததாலும் ஒலி யாருக்கும் கேட்கவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் அமைக்கப்படவில்லை. ஒரு நாளுக்கும் மேலாக சர்வர் பாதுகாப்பின்றி ஓடியிருக்கிறது. வேகமும் குறைந்திருக்கிறது, ஏனென்றால் விழுந்த டிஸ்க்கிலிருந்த எந்தத் துண்டைக் கேட்டாலும், மற்ற ஏழு டிஸ்க்கையும் படித்துத்தான் கன்ட்ரோலர் அதைக் கணக்கிட்டுத் தர வேண்டும். மாலைத் தாமதம் பழகிப்போனதால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதிய டிஸ்க் கையில் இருந்தது. உடனே செருகினால் மறுகட்டமைப்பு தானாகவே தொடங்கிவிடும். பொறுப்பாளருக்கு அதுதான் சரியென்று பட்டது. ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து என்னும்போது ஏன் காத்திருக்க வேண்டும்?

காத்திருக்கலாம் என்று முடிவெடுத்தோம். காரணம் இது: மறுகட்டமைப்பு என்பது அந்த டிஸ்க்குகள் தங்கள் ஆயுளில் செய்யும் மிகக் கடுமையான வேலைகளுள் ஒன்று. எட்டும் ஒரே நாளில் வாங்கியவை, வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன, ஒரே வெப்பத்தில் ஒரே சுமையைச் சுமந்தவை. டிஸ்க்குகள் கெடுவது தனித்தனி நிகழ்வுகளாக இருப்பதில்லை, ஒன்றோடொன்று தொடர்புடையதாகவே இருக்கிறது என்று 2007-இல் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் பெரிய அளவிலான புலத் தரவுகளை ஆராய்ந்து காட்டினார்கள். 1988 கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர்தான் அந்தக் கிப்சன். இன்னொரு டிஸ்க் மறுகட்டமைப்பின் நடுவே விழுந்தால் 300 ஜிகாபைட் தரவுத்தளமும் போய்விடும். கடைசி வெளி நகல் ஆறு நாள் பழையது. ஆறு நாள் பேக்கிங், அனுப்புகை, கூலிக் கணக்கு. முதலில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் பாதுகாப்பின்றி ஓடுவது ஏற்கக்கூடிய விலை.

அதற்கு முன்னால் கேமராக்கள் எழுதுவதை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை ஆலையில் ஆள் இருக்காது, கேமரா இல்லாமல் எப்படி என்று காவலாளிகளின் மேற்பார்வையாளர் தயங்கினார். வாசல்களைப் பார்க்கும் நான்கு கேமராக்களை மட்டும் அலுவலகக் கணினி ஒன்றில் பதிவாகும்படி திருப்பிவிட்டோம். சுமை இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. அதுவரை நிற்காமல் மின்னிய ஏழு டிஸ்க்கின் பச்சை விளக்குகளும் விட்டுவிட்டு மின்னத் தொடங்கின. தரவுத்தளத்தை நிறுத்தி, வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களின் டிசைன் கோப்புகளையும் எடுத்தோம். நள்ளிரவு தாண்டித்தான் புதிய டிஸ்க்கைச் செருகினோம்.

விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் நிரம்ப ஏழரை மணி நேரம் ஆகும். அது தடையில்லாத கணக்கு. கன்ட்ரோலர் வழக்கமாகத் தன் வேலைத்திறனில் 30 சதவீதத்தைத்தான் மறுகட்டமைப்புக்கு ஒதுக்கும். பயனர் வேலை பாதிக்கக்கூடாது என்பதற்காக. அன்று பயனர் யாரும் இல்லாததால் அதை உயர்த்தி வைத்தோம். கேமராக்கள் எழுதிக்கொண்டிருக்க, வாரநாளில், இயல்பான ஒதுக்கீட்டில் இதைச் செய்திருந்தால் இரண்டு, மூன்று நாள் இழுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஞாயிறு காலையில் 60 சதவீதத்தைக் கடந்த நிலையில், பதிவேட்டில் ஆறாவது டிஸ்க்கின் பெயரில் மீடியா எரர் (படிக்க முடியாத பிழை) என்ற வரி விழுந்தது. சற்று நேரத்தில் இன்னும் சில.

சில கன்ட்ரோலர்கள் இந்த இடத்தில் ஆறாவது டிஸ்க்கையும் வெளியே தள்ளிவிட்டு, வால்யூம் முழுவதையும் இறந்ததாக அறிவித்துவிடும். இந்த அட்டை அப்படிச் செய்யவில்லை. படிக்க முடியாத ஸ்ட்ரைப்புகளைப் பழுதானவை என்று குறித்துவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து நிரப்பியது. துறையில் இதைப் பங்க்சர் என்பார்கள். பிற்பகலில் மறுகட்டமைப்பு முடிந்து, எல்லா விளக்கும் பச்சையானது. நிலை 'ஆப்டிமல்' (எல்லாம் சரி) என்று திரை சொன்னது. அந்தச் சொல்லை நம்பி வீட்டுக்குப் போகக்கூடாத இடம் அது. உள்ளே சில துண்டுகள் மீளவே முடியாமல் போயிருந்தன; அந்த வால்யூமை அழித்துப் புதிதாக அமைக்கும்வரை அந்தக் குறைகள் நீங்காது.

எந்தக் கோப்புகள் போயின என்று கண்டுபிடிக்க ஒரே வழி எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பதுதான். தரவுத்தளத்தின் உட்சோதனை பிழையின்றி முடிந்தது. டிசைன் கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்க்குகளுக்கு நகலெடுத்தபோது மூன்று எம்பிராய்டரி கோப்புகளில் நகல் நின்றது. இரண்டின் பிரதி ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டில் கிடைத்தது. மூன்றாவதை, பழைய சாம்பிள் துணியைப் பார்த்து மறுபடியும் உருவாக்கினார்கள். மற்ற பிழைகள் சிசிடிவி பதிவுகளில் விழுந்திருந்தன. வால்யூமில் பெரும்பகுதியைச் சிசிடிவி நிரப்பியிருந்ததால் அப்படி விழும் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் இது அதிர்ஷ்டம்தான். அதே பிழை தரவுத்தளத்தின் நடுவில் விழுந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கிறது என்ற நிலையில், ஆறாவது டிஸ்க்கும் மாற்றப்பட்டது.

புதிய அமைப்பு

தீபாவளி விடுமுறையில், அக்டோபர் கடைசியில், மாற்றத்தைச் செய்தோம். பழைய வால்யூம் அழிக்கப்பட்டது.

தரவுத்தளத்துக்கு 960 ஜிகாபைட் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) இரண்டு, ரெய்டு 1, அதாவது ஒன்றின் நேர் நகல் (மிர்ரர்) மற்றொன்று. சிதறிய எழுத்துக்குத் தலை நகர வேண்டியதில்லை. பாரிட்டிக் கணக்கும் இல்லை. மின்சாரம் நின்றாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள சர்வர் வகையாகவே வாங்கினோம். இரண்டும் வேறுவேறு நிறுவனத் தயாரிப்புகள். மிர்ரரில் இரண்டுக்கும் ஒரே எழுத்து போவதால் இரண்டும் ஒரே வேகத்தில் தேயும். ஒரே ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள்ளேயே இயங்கும் மென்பொருள்) என்றால் ஒரே பிழையும் இருக்கும். பெரிய சர்வர் நிறுவனம் ஒன்றின் சில எஸ்எஸ்டி மாடல்கள், இயங்கத் தொடங்கி 32,768 மணி நேரம் ஆனதும் ஃபர்ம்வேர் கோளாறால் நின்றுவிடும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. ஒரே நாளில் இயக்கப்பட்ட ஜோடிக்கு அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

டிசைன் கோப்புகளுக்கு ஆறு டிஸ்க் ரெய்டு 6. கிடைப்பது 16 டெராபைட். நான்கு டிஸ்க் போதுமே என்றும் யோசித்தோம். நான்கில் ரெய்டு 6, ரெய்டு 10 இரண்டும் ஒரே 8 டெராபைட்தான் தரும். ரெய்டு 10 எழுத்தில் வேகமானது. ஆனால் இந்தக் கோப்புகளுக்கு எழுத்து வேகம் தடையாக இருந்ததே இல்லை. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் பிழைக்கும் உறுதியும் வளர இடமும் முக்கியமாகப் பட்டன. மறுகட்டமைப்பு ரெய்டு 10-ஐவிட நீளும் என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டோம்; அந்த நேரத்தில் ரெய்டு 6-க்கு இன்னொரு பாரிட்டி மிச்சம் இருக்கும்.

சிசிடிவி தனிப் பதிவுக்கருவிக்குப் போனது, ரெய்டு எதுவும் இல்லாமல். கணக்கு மேலாளர் இதைத்தான் முதலில் ஒப்புக்கொண்டார். தேவையில்லாத இடத்தில் பாதுகாப்புக்குச் செலவழிக்காததால்தான் எஸ்எஸ்டிக்குப் பணம் கிடைத்தது.

டிஸ்க் செருகும் எட்டு பேக்களும் நிரம்பியதால் ஹாட் ஸ்பேர் (ஒன்று கெட்டதும் தானாகவே அதன் இடத்தை எடுக்கும் டிஸ்க்) வைக்க இடமில்லை. ஒரு டிஸ்க் உறையோடு அலமாரியில் இருக்கிறது. தரவுத்தளம் ஒவ்வோர் இரவும் வளாகத்தின் மற்றொரு கட்டடத்தில் உள்ள கணினிக்கு நகலாகிறது. வாரம் ஒரு வெளி டிஸ்க் உரிமையாளர் வீட்டுக்குப் போகிறது.

அதன் பிறகு

பேக்கிங் பிரிவில் ஸ்கேன் ஒலியும் பெட்டி எண்ணும் இப்போது ஒன்றாகவே வருகின்றன. மாதக் கடைசியிலும் அப்படியே. இருமுறை பதிவாகும் பெட்டிகள் நின்றுவிட்டன.

2023 கோடையில் ரெய்டு 6-இல் ஒரு டிஸ்க் விழுந்தது. 2019-இல் வாங்கியவற்றுள் ஒன்று. சில நிமிடங்களில் மின்னஞ்சல் வந்தது. பொறுப்பாளர் அலமாரியிலிருந்த டிஸ்க்கைச் செருகிவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார். வேலை நேரத்திலேயே மறுகட்டமைப்பு ஓடியது. யாரும் எதையும் நிறுத்தவில்லை. நடுவில் இன்னொரு பழைய டிஸ்க்கில் ஒரு மீடியா எரர் வந்தது. ரெய்டு 6 அந்தத் துண்டை இரண்டாம் பாரிட்டியிலிருந்து மீட்டு எழுதிக்கொண்டது. முந்தைய ஆகஸ்டில் மூன்று கோப்புகளைத் தின்ற அதே வகைப் பிழை, இந்த முறை பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்தது.

அதே ஆண்டு கணக்குப் பிரிவில் ஒருவர் தவறுதலாக ஒரு மாதத்தின் கூலிப் பதிவுகளை அழித்துவிட்டார். இரண்டு எஸ்எஸ்டியும் அந்த அழிப்பை அந்த நொடியிலேயே உண்மையாக நகலெடுத்துக்கொண்டன. ரெய்டின் வேலை அதுதான். மற்றொரு கட்டடத்துக் கணினியில் இருந்த இரவு நகலிலிருந்து பதிவுகளை மீட்டார்கள்.

நடைமுறையில் மாறியவை

பேட்ரோல் ரீட் வாரம் ஒருமுறை ஞாயிறு இரவில் ஓடுகிறது. பாரிட்டிச் சரிபார்ப்பு மாதம் ஒருமுறை. கன்ட்ரோலரின் எச்சரிக்கைகள் பொறுப்பாளருக்கும் எங்களுக்கும் சேர்ந்தே வருகின்றன. மாதத்தின் முதல் திங்கள் ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்பிப் பார்க்கிறோம், மின்னஞ்சல் கடவுச்சொல் மாறி எச்சரிக்கை ஊமையாகிப்போவதும் நடக்கும் என்பதால். கன்ட்ரோலர் பேட்டரியின் வயது யுபிஎஸ் பேட்டரியோடு ஒரே தாளில் குறிக்கப்படுகிறது.

எங்கள் குழு தரும் விலைப்புள்ளியிலும் டெராபைட்டுக்கு முன்னால் இப்போது வேறு கேள்விகள் இருக்கின்றன: எந்தத் தரவு, எழுத்து எத்தனை பங்கு, சிறு எழுத்தா பெரு எழுத்தா, எவ்வளவு நேரம் இல்லாமல் இருக்க முடியும், தொலைந்தால் வேறெங்கே கிடைக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் முழு மறுகட்டமைப்புக்கு ஆகும் நேரத்தை, சுமையோடும் சுமையின்றியும், கணக்கிட்டு எழுதுகிறோம். அந்த நேரம் ஓர் இரவைத் தாண்டுமானால் ஒற்றைப் பாரிட்டியைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே தொகுதிக்கான டிஸ்க்குகளை இரண்டு கடைகளிலிருந்தாவது, இரண்டு வாரம் இடைவெளியிலாவது வாங்கச் சொல்கிறோம்.

அந்த சர்வரில் 2019-இன் டிஸ்க்குகளில் இன்னும் சில ஓடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக, கெடும்வரை காத்திராமல், காலாண்டுக்கு ஒன்று என்று மாற்றும் திட்டத்துக்கு உரிமையாளர் ஒப்புதல் தந்திருக்கிறார். முதலாவது மாற்றப்பட்டுவிட்டது.